முன்னால வந்துருங்க

காலை பத்து மணிக்குக் கல்யாணம். கோயிலில் நாற்பத்திரண்டு பெஞ்சு. ஞானசிகாமணி ஆகிய நான், பெண்ணுக்குத் தாய்மாமன், உட்கார்ந்தது நாற்பத்து மூன்றாவதில்.

சிரிக்காதீர்கள் சார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். சிரித்தால் வழிந்துவிடும், மறுபடி விடுவார்கள். எனக்கும் விட்டாயிற்று. அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். வாயை மூடச் சொல்லவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள், சொந்தக்காரர் யாரும் கூட வரவில்லையா என்று. அதற்குப் பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோயில் என்றால் சர்ச். திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். பாதிரியாரை ஐயர் என்போம், பைபிளை வேதம் என்போம். சீட்டு எழுதும் இடத்தில் பெயரைச் சொன்னீர்களே, நீங்கள் இந்து என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அதனால் ஒன்றும் குறைவில்லை. நான் சொல்லப்போவது எல்லாருக்கும் பொது.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. மீட்டர் என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுதுவேன். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதில்லை. வேதத்தையும் அப்படித்தான் வாசிக்கிறேன். எங்கள் ஆட்களில் பலபேர் வேதத்தை ஞாயிற்றுக்கிழமை அக்குளில் வைத்துக்கொண்டு வருவார்கள், திங்கட்கிழமை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின விஷயம், இந்தக் காலத்துக்கு எப்படி ஒத்துவரும் என்பார்கள். ஒத்துவரும் சார். செய்து பார்த்தால்தானே தெரியும்.

வண்ணார்பேட்டை சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரன் என் ஸ்கூட்டரின் இடது கண்ணாடியை உடைத்துவிட்டான். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்று இருக்கிறதா இல்லையா? வண்டியைத் திருப்பி வலது கண்ணாடியைக் காட்டினேன். "இதையும் உடைச்சுக்கோ" என்றேன். அவன் ஆட்டோவில் இருந்த ஆட்களை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். சண்டை இல்லை, போலீஸ் இல்லை. எவ்வளவு சுலபம் பாருங்கள்.

இன்னொன்று. அயலான் வீட்டுக்கு அடிக்கடி போகாதே, சலித்துப்போய் வெறுப்பான் என்று சாலொமோன் ராஜா சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள் வீட்டில் நான் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. அவர்கள் என்னை வெறுக்கவில்லை. அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கும் வேதத்தில் உத்தரவு இருக்கிறது. உன்னைக் கல்யாணத்துக்கு அழைத்தால் முதன்மையான இடத்தில் போய் உட்காராதே. உன்னைவிடப் பெரிய மனிதன் யாராவது வந்தால் எழுந்திரு என்பார்கள், அப்போது வெட்கத்தோடு பின்னால் போகவேண்டிவரும். ஆகையால் கடைசி இடத்தில் போய் உட்கார். அழைத்தவன் வந்து பார்ப்பான், 'சிநேகிதனே, மேலே வா' என்பான், எல்லாருக்கும் முன்பாக உனக்குக் கனம் உண்டாகும். லூக்கா பதினாலாம் அதிகாரம். இவ்வளவு தெளிவான உத்தரவு மின்வாரியத்தில்கூட வந்ததில்லை.

இதில் இரண்டு பாதி இருக்கிறது. கடைசி இடத்தில் உட்காருவது என் பாதி. வந்து பார்த்து மேலே கூப்பிடுவது அவர்கள் பாதி. என் பாதியை நான் செய்தேன்.

டார்கஸ் என் தங்கச்சி. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், நல்ல மனிதர், நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள், பெர்சிஸ். எங்கள் கல்யாணத்தில் பெண்ணை அவள் அப்பா கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவார். அப்பா இல்லை என்றால் தாய்மாமன். இதற்கு யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுப்பதில்லை. ஊர் வழக்கம்.

ஆனால் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு வார்த்தை?

டார்கஸ் அழைக்க வந்தாள். பழமும் பூவும் வைத்த தட்டோடு, முறையாகத்தான் வந்தாள். "அண்ணே, பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை. பத்து மணிக்குக் கோயில். நீங்க முன்னால வந்துருங்க" என்றாள். சரி என்றேன். காப்பி குடித்தாள். என் வீட்டுக்காரி எப்சிபாவோடு சேலையைப் பற்றிப் பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் ஆட்டுக்கறியா கோழியா என்று இன்னும் வாய் திறக்கவில்லை என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, திரும்பி நின்று மறுபடியும் சொன்னாள். "முன்னால வந்துருங்க, என்ன?"

போய்விட்டாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். வா என்றாள், முன்னால வா என்றாள். பெண்ணை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அவள் வாயிலிருந்து வரவே இல்லை. எப்சிபாவிடம் கேட்டேன்.

"அதப் போயி சொல்லணுமாக்கும்? மழ பெஞ்சா குட பிடிங்கன்னு யாரும் சொல்லுவாங்களா?"

"சொல்லாம நான் பிடிச்சு, அது அடுத்தவன் குடையா இருந்துட்டா?"

"எந்த அடுத்தவன்? டார்கஸுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?"

"அதை டார்கஸ் சொல்லணும்."

எப்சிபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "உங்களோட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். பரலோகத்துல எனக்கு முன் பெஞ்சு நிச்சயம்" என்றாள். பரலோகத்தில் பெஞ்சு இருப்பதாக வேதத்தில் எங்கேயும் இல்லை. அதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் பெர்சிஸ் ஒரு கோட் வாங்கி அனுப்பினாள். கருநீலம். மார்பில் குத்திக்கொள்ள ஒரு துணி ரோஜா, அவளுடைய பூச்செண்டின் அதே நிறத்தில். எப்சிபா அதைப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன சொல்லுதீங்க?" என்றாள். நான் என்ன சொல்வேன்? கோட் ஓர் உடை, அழைப்பு அல்ல.

கல்யாணத்துக்கு முந்தின நாளே எப்சிபா டார்கஸ் வீட்டுக்குப் போய்விட்டாள், பெண்ணுக்குத் துணையாக. நான் காலையில் அவளுக்குப் போன் பண்ணி, கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பைபாஸ் வழியாகப் போனேன். எட்டரைக்கெல்லாம் கோயிலில் இருந்தேன். முன்னால வந்துருங்க என்றாள், முன்னால போனேன். அதில் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. கோயிலைப் பெருக்குகிறவர்கள்கூட அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள்.

வண்டியை வாசலில் நிறுத்தவில்லை. வாசலில் நிறுத்துவதும் ஒரு முதன்மைதானே? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சத்துணவுக் கூடத்தை ஒட்டி நிறுத்தினேன். கோயிலுக்குள் நுழைந்ததும் செல்போனை அணைத்தேன். ஜெப வீட்டில் நான் எப்போதும் அணைத்துவிடுவேன். வைப்ரேஷனில் வைக்கிற பழக்கம் எல்லாம் கிடையாது.

கடைசி இடம் எது என்று முடிவு பண்ணத்தான் நேரம் பிடித்தது. கடைசி பெஞ்சு என்று நீங்கள் நினைப்பீர்கள். கிடையாது. கடைசி பெஞ்சுக்கு மேலே ஃபேன் உண்டு, வாசல் காற்று உண்டு, பிரசங்கம் நீண்டால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். கைக்குழந்தைக்காரர்களும் புதுமாப்பிள்ளைகளும் அடித்துப் பிடித்துக்கொண்டு உட்காருகிற இடம். உண்மையில் கோயிலில் அதுதான் முதன்மையான இடம். பெரிய வாசலுக்குப் பக்கத்தில் மணிக்கூண்டின் அடியில் ஒரு மூலை இருக்கிறது. முன்னால் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் மணிக்கயிறு, துடைப்பம், ஒரு முக்காலி. மணியடிக்கிறவர் உட்காருகிற முக்காலி. அதற்குக் கீழே கோயிலில் வேறு இடம் இல்லை. அதில் உட்கார்ந்தேன். குடையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு முன்னால் கோயில் நிறைந்துவிட்டது. யாரும் தூணுக்குப் பின்னால் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? பத்துக்குக் கார் வந்தது. பெண்ணும் டார்கஸும் எப்சிபாவும் வாசல்படியில் வந்து நின்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அந்தத் தூண்தான். பேசுவது ஒவ்வொன்றும் கேட்டது.

"மாமா எங்கம்மா?" என்றாள் பெர்சிஸ்.

"வந்துருவாங்க. சொன்ன நேரத்துக்கு முந்தி வாற ஆளு."

"போனு அணஞ்சு கெடக்கு டார்கஸ்" என்றாள் எப்சிபா. "எட்டு மணிக்கே கெளம்பிட்டேன்னு சொன்னாங்களே."

மாப்பிள்ளையின் அண்ணன் போல, ஒரு ஆண் குரல். "பைபாஸ்ல ஒரு லாரி கவுந்து கெடக்குன்னாங்க. எதுக்கும் பைக்க எடுத்துட்டு ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்."

அதற்குப் பிறகு டார்கஸ் "ஆண்டவரே" என்றாள். சத்தமாக இல்லை.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் சார். என்னைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் பேசவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வேதத்தில் அழைத்தவன் வருகிறான், பார்க்கிறான், பிறகு கூப்பிடுகிறான். வரிசையாக எழுதியிருக்கிறது. இவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் மாசில்லாமணி மணியடிக்க வந்தார். எங்கள் கோயில்குட்டி. கோயில் திறந்து, பெருக்கி, மணியடிக்கிறவரைக் கோயில்குட்டி என்போம். வயது அறுபது ஆனாலும் குட்டிதான். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

"அண்ணாச்சி! இங்கயா இருக்கீய? வெளிய உங்கள ஊரே தேடுதே!"

"தேடட்டும். தேடுகிறவன் கண்டடைவான்னு இருக்கு."

"நான் போயி சொல்லட்டா?"

"நீர் சொன்னா நீர் கண்டடைஞ்சதா ஆயிரும். அவங்க கண்டடைஞ்சதா ஆகாது. நீர் மணிய அடியும்."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் கோயில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் இரண்டு தடவை இருந்தவன். அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். பாவம், உட்கார முக்காலி இல்லை.

ஆர்கன் வாசிக்கிற பெண் அதே பாட்டை மூன்றாவது தடவை தொடங்கினாள். ஐயர் பீடத்திலிருந்து வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஊரில் ஓர் அடக்க ஆராதனை இருந்தது. வாசலில் பெர்சிஸ் சொல்வது கேட்டது.

"மாமா வராம நான் உள்ள வரல."

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இதோ வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். ரோஜாவைச் சரி செய்தேன். குடையைச் சுவரில் சாத்தினேன். இனி ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. யாராவது ஒருத்தர் தூணைச் சுற்றி ஓரடி எடுத்து வைக்க வேண்டும்.

டார்கஸ் சொன்னாள், "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எத்தன நேரம் இருப்பாங்க மக்கா? வா. நான் கூட்டிட்டுப் போறேன்."

என்னைத் தாண்டித்தான் போனார்கள். கையை நீட்டினால் பெர்சிஸின் முக்காட்டைத் தொட்டிருக்கலாம். டார்கஸ் அழுதுகொண்டே நடந்தாள். அண்ணனை முறையாக அழைக்காமல் விட்டுவிட்டோமே என்று மனசு குத்தியிருக்கும்.

எங்கள் கல்யாண ஆராதனையில் ஒரு கட்டம் உண்டு. ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பார், இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்குக் கொடுக்கிறவர் யார் என்று. அப்பா, இல்லாவிட்டால் தாய்மாமன், 'நான்' என்று சொல்லி அவள் கையை எடுத்து ஐயர் கையில் கொடுப்பார். அன்றைக்கு ஐயர் கேட்டுவிட்டு, டார்கஸைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். சபை முழுக்க வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பெர்சிஸும் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தது தூணைத்தான்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? எப்சிபாவும் அதைத்தான் கேட்டாள். அது கேள்வி சார். அழைப்பு அல்ல. 'கொடுக்கிறவர் யார்' என்பதற்கும் 'சிநேகிதனே, மேலே வா' என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவன் மீட்டரே பார்க்கக் கூடாது. ஒன்று சொல்கிறேன், எழுந்திருக்கத்தான் போனேன். முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடது கால் மரத்துப்போயிருந்தது. அது சரியாவதற்குள் டார்கஸ் மைக்கில் "நான்தான் ஐயா" என்று சொல்லிவிட்டாள். குரல் உடைந்து இரண்டு தடவை சொன்னாள். எனக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது.

கல்யாணம் முடிந்தது. சாப்பாடு பக்கத்து மண்டபத்தில். அங்கேயும் கடைசி இடம்தான், கடைசிப் பந்தி. பிரியாணி முடிந்துபோயிருந்தது. சாதமும் ரசமும் கொஞ்சம் வெங்காயமும் வைத்தார்கள். பரிமாறினவன் கோட்டைப் பார்த்துவிட்டு, "பேண்டு செட்டா அண்ணாச்சி? உங்க ஆளுங்கல்லாம் அப்பவே சாப்பிட்டுப் போயிட்டாங்களே" என்றான். நான் மறுக்கவில்லை. தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது.

எப்சிபா வந்து எதிரே நின்றாள். கண் வீங்கியிருந்தது. "உசுரோட இருக்கீயளா?" என்றாள்.

"கோயில்லதான் இருந்தேன்."

"எங்க?"

சொன்னேன். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பைபாஸ் பூரா ஒரு பையன் உங்களத் தேடிட்டு வந்திருக்கான். பெரியாஸ்பத்திரிக்குப் போன் பண்ணிருக்கோம்" என்றாள். "டார்கஸுகிட்ட இதச் சொல்லிராதீங்க. சாமி சத்தியமா சொல்லிராதீங்க. வண்டி பஞ்சராயிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

பொய் சொல்லாதே என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள். டார்கஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வண்டிதானே அண்ணே. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலல்லா, அது போதும்" என்றாள். முறையாகக் கூப்பிடாததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் பெரிதுபடுத்தவில்லை.

ஆவணி மாதம் கல்யாண வீடியோ வந்தது. பெர்சிஸும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் டார்கஸ் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முறுக்கும் காப்பியும். கோயில் மாடியிலிருந்து ஒரு கேமரா எடுத்திருக்கிறது, எனக்கு அது தெரியாது. மேலேயிருந்து மொத்தக் கோயிலும் தெரிந்தது. ஐயர் கேட்கிறார், சபை திரும்புகிறது, கேமராவும் கூடவே வாசல் பக்கம் திரும்புகிறது. தூணுக்கு மேலே இருந்து பார்த்தால் தூணுக்குப் பின்னால் தெரியும் அல்லவா? கருநீலக் கோட். ரோஜா. சுவரில் சாத்திய குடை.

என்னை முதலில் கண்டுபிடித்தது நான்தான். சந்தோஷம் தாங்காமல், "அந்தா பாரு, நான்!" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டேன்.

எப்சிபா முறுக்குத் தட்டைக் கீழே வைத்தாள். பெர்சிஸ் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். ஐயர் கேட்டார். சபை திரும்பியது. நான் உட்கார்ந்திருந்தேன். 'நான்தான் ஐயா' என்றாள் டிவியில் டார்கஸ். நான் அப்போதும் உட்கார்ந்திருந்தேன்.

"பஞ்சர்னு..." என்றாள் டார்கஸ்.

"பஞ்சர் எப்சிபா சொன்னது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நான் முன்னால வாங்கன்னுதானே அண்ணே சொன்னேன். வாசப்படி ஏறி ரெண்டு தடவ சொன்னேனே."

"முன்னாலதான் வந்தேன். எட்டரைக்கே வந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகுதான் புரிந்தது போல, "அந்த முன்னால இல்ல அண்ணே" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். நாங்கள் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை. அன்றைக்குப் பிறகு என்னோடு பேசுவதும் இல்லை. நான் போன் பண்ணினால் எப்சிபாவிடம் கொடுக்கச் சொல்கிறாள். தப்பு செய்தவர்களுக்கு முகம் கொடுக்க வெட்கமாகத்தான் இருக்கும். நான் மன்னித்துவிட்டேன். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும், நான் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆனால் அவள் வந்து கேட்டால்தானே மன்னித்ததைச் சொல்ல முடியும்?

எப்சிபா இப்போது அங்கேதான் இருக்கிறாள், டார்கஸுக்கு முழங்கால் வலி. அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாக வந்தேன்.

என்ன சிஸ்டர்? என் நம்பரா? தாண்டிப் போய்விட்டதா? கேட்டது சிஸ்டர், மூன்று தடவையும் கேட்டது. நம்பரைக் கூப்பிட்டீர்கள், பெயரைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை, இவரை முதலில் கூட்டிப் போங்கள். இவருக்கும் கண்மணி இன்னும் விரியவில்லையா? அப்படியானால் நல்லது. மீதியையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம்தான்.

ஆனால் வேதம் பொய் சொல்லாது சார். தாமதமாகும், பொய் சொல்லாது. பெர்சிஸுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அழைக்க அவளே வந்தாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. எங்கே உட்கார வேண்டும் என்று நானே கேட்டுவிட்டேன். தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. "வாங்க மாமா, பாத்துக்கிடலாம்" என்றாள்.

போனேன். மணிக்கூண்டின் அடியில் முக்காலி இல்லை. மாசில்லாமணியிடம் கேட்டேன். "கால் ஒடஞ்சு போச்சு அண்ணாச்சி, ஆசாரிகிட்ட கொடுத்திருக்கு" என்றார். துடைப்பம் மட்டும் இருந்தது. வேறு வழியில்லாமல் கடைசி பெஞ்சில், ஒரு கைக்குழந்தைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆராதனை தொடங்கப் போகிறது. பெர்சிஸ் முன்னாலிருந்து எழுந்தாள். பிள்ளையோடு நடு வழியில் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தாள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, முன்னால வாங்க."

கேட்டீர்களா சார்? அதே வார்த்தை. அழைத்தவன் வந்தான், பார்த்தான், கூப்பிட்டான். எழுந்து அவள் பின்னால் நடந்தேன். நாற்பத்திரண்டு பெஞ்சையும் தாண்டி நடந்தேன். எல்லாருக்கும் முன்பாகக் கனம் உண்டாகும் என்று இருக்கிறதே, அப்படியே நடந்தது. முதல் பெஞ்சுக்கும் முன்னால், ஞானஸ்நானத் தொட்டியை ஒட்டி, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. முதுகில் காகிதம் ஒட்டி 'மாமா' என்று எழுதியிருந்தது.

"இதுக்கும் முன்னால போடணும்னா சுவர இடிக்கணும் மாமா" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்.

முன்னால் உட்காருவதில் ஒரே ஒரு குறைதான். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. டார்கஸ் முதல் பெஞ்சில், எனக்கு நேர் பின்னால் இருந்தாள். இருமல் கேட்டது. பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஐயர் கேட்டபோது அவள்தான் சொன்னாள், அவள் வீட்டுக்காரர் பெயரை. குரல் உடையவில்லை. திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பாவது காட்டியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் வேதத்தில் ஒரு பெண் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகப் போயிருக்கிறாள். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

2023 ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் ஆராதனை. முடிந்து திரும்பியபோது முதல் பெஞ்சு காலியாக இருந்தது.